நிறுத்து என்று சொல்ல ஒருவர்

டுலூத்தில் சமதளம் என்று ஒன்று கிடையாது.
எல்லாத் தெருவும் ஏரியைப் பார்த்து வழுக்குகிறது.
கைதவறிய ஆரஞ்சுப் பழத்தைக்
கப்பல்துறையில் போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம்.

என் வீட்டு வண்டிப்பாதையும் அப்படித்தான்.
ராம்ப் வந்த அட்டைப்பெட்டியில் முதல் வரி:
சமமான கெட்டித் தரையில் மட்டும்.
படித்துச் சிரித்தேன்.
அடுத்த வரி: உதவிக்கு ஒருவர் நிற்கட்டும்.
அதற்குச் சிரிப்பு வரவில்லை.

பதினொரு வருஷம் அந்த இடத்தில் ராய்ஸ் நின்றான்.
இன்னும், இன்னும், போதும் என்பான்.
ஒருநாள் போனில் யாருடனோ பேசிக்கொண்டே
'போதும்' சொல்ல மறந்துவிட்டான்.
சக்கரம் உச்சியைத் தாண்டித் தொப்பென்று இறங்க
வண்டி வயிற்றால் இரும்பின்மேல் குந்தியது.
யாருக்கும் அடியில்லை.
ஆனாலும் அதற்குப் பிறகு
அவன் சொன்ன எந்த 'இன்னும்' மீதும்
என் கால் முழுசாக அழுந்தியதில்லை.
மார்ச்சில் போனான்.
ராம்பை விட்டுவிட்டுப் போனான்.

எதிர்வீட்டு எய்னார் டால்பெர்க்குக்குக் காது கேட்காது.
இரும்புத்தாதுத் துறையில் ராத்திரி வேலை.
தெருவிலேயே மட்டமான கராஜ் அவருடையது,
ரசமட்டம் வைத்துத் தானே போட்ட தரை.
காகிதத்தில் எழுதி நீட்டினேன்:
பனி விழுமுன் ஆயில் மாற்ற வேண்டும்,
உங்கள் தரை ஒரு மணி நேரம் கிடைக்குமா?
அவர் கீழே எழுதினார்:
தரை மட்டும் போதுமா?

ராம்ப் வழுக்காமலிருக்க
அடியில் கம்பளத் துண்டு விரித்தார்.
டயரின் மூக்கோடு ஒட்டிவைத்து
ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.
இடதுபக்கம் ஒரு கட்டைவிரல் அளவு கோணல்.
மறுபடி வைத்தார்.
மறுபடி பார்த்தார்.

காது கேட்காதவர் எப்படி என்று
உள்ளே ஒரு கேள்வி இருந்தது எனக்கு.
அவர் கேட்க வேண்டியதில்லை,
நான்தான் பார்க்க வேண்டும் என்பது
ஸ்டியரிங் பிடித்த பிறகுதான் உறைத்தது.

நேர் முன்னால் நிற்கவில்லை அவர்.
வண்டி பாய்ந்தாலும் படாத ஓரமாய் நின்று
வலது கையை விரித்து உயர்த்தினார்.
ஐந்து விரல்.
வண்டியின் முகம் ஏற ஏறத்
தரை மறைந்தது, ராம்ப் மறைந்தது,
கூரையில் தொங்கும் துடுப்பும் அந்தக் கையும்தான் மிச்சம்.
நான்கு.
எறும்பு ஊர்வதுபோல ஏறினேன்.
மூன்று, இரண்டு,
அந்த ஒற்றை விரல் வெகுநேரம் நின்றது.
முஷ்டி.

பிரேக். பார்க். கைபிரேக். சாவி பாக்கெட்டில்.
பின்சக்கரங்களுக்குப் பின்னால் மரக்கட்டைகளை
உதைத்து உதைத்து இறுக்கினார்.
பிறகு ராய்ஸ் ஒருநாளும் செய்யாததைச் செய்தார்:
ஆப்பிள் மரத்தை உலுக்குவதுபோல
வண்டியைப் பக்கவாட்டில் பிடித்து உலுக்கினார்.
அசையவில்லை.
அப்படியும் இரண்டு ஸ்டாண்டுகளை உருட்டிவந்து
அடியில் நிறுத்தினார்.
நம்பிக்கை இருக்கட்டும், ஸ்டாண்டும் இருக்கட்டும்
என்பதுபோல ஒரு தோள்குலுக்கல்.

சூடு தணியக் காத்திருந்து அடியில் ஊர்ந்தேன்.
முகத்துக்கு மேல் ஒன்றரை டன் மௌனம்.
நட்டு இளகி, கடுங்காப்பி நிறத்தில்
ஒரு வருஷத்து ஓட்டம் தட்டில் இறங்கியது.
அங்கிருந்து தெரிந்தது அவர் பூட்ஸ் மட்டும்.
ஒன்றின் கயிறு அவிழ்ந்திருந்தது.
இருபது நிமிஷம்
அவை நகரவில்லை.

முடிந்தது என்று கத்தினேன், பழக்கதோஷம்.
பிறகு ஸ்பானரால் இரும்பில் இரண்டு தட்டு.
மட்கார்டில் உள்ளங்கை வைத்திருந்திருப்பார் போல,
உடனே குனிந்தார்,
தலைகீழாய் ஒரு நரைத்த தாடி.

இறங்குவதற்கும் அந்தக் கைதான்,
இம்முறை முஷ்டியிலிருந்து ஒவ்வொன்றாய் விரிந்தபடி.

பழைய ஃபில்டரை எடுத்துப்போகும்போது
அவர் தரையில் ஒரு சொட்டு விழுந்துவிட்டது.
ஐயோ என்று துணி தேடினேன்.
அவர் என் முழங்கையைத் தொட்டுக் காட்டினார்:
எந்தப் பக்கமும் ஓடாமல்
விழுந்த இடத்திலேயே
வட்டமாய் நின்றிருந்தது.