ஐந்தாம் தந்தி

புக்கிட் பாத்தோக் முனையத்தில்
என் டீசல் பேருந்து நின்றபடி உறுமும் சுருதி
பி.
ட்யூனரை ஸ்டியரிங்கில் கவ்வவிட்டுப் பார்த்தேன்,
பயணிகள் யாரும் ஏறுமுன்.
ஊசி கொஞ்சம் தடுமாறிப்
பச்சைக்கு வந்து நின்றது.

என் பேஸ் கிட்டாரில் அந்தச் சுரம் இல்லை.
நான்கு தந்தி. இ-யோடு தரை தட்டிவிடும்.
அதற்கும் கீழே ஒரு தளம் இருப்பதைப்
பதினோரு ஆண்டுகளாக
இடுப்பெலும்பால் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வு நாளில் பெனின்சுலா.
கண்ணாடிக்குள் நாலாயிரம் வெள்ளி:
நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்க்கவில்லை.
கீழ்வரிசையில் அறுநூற்று இருபது.
கழுத்து மெலிசு, கைக்கு வாகு, தலைதான் கனம்.
விட்டால் தரையைப் பார்த்துக் குனிகிறது,
பெண்பார்க்க வந்த அன்று
என்னைக் குனியச் சொன்னார்களே, அப்படி.
அடுத்ததைத் தூக்கினேன்,
ஐந்து கிலோ பொன்னி அரிசி.
கடைப்பையன் ஸ்லாப் அடித்துக் காட்டினான்,
ஈரச்சந்தையில் மீன் வெட்டுகிற வேகம்.
"மகனுக்கா, ஆன்ட்டி?"
"எனக்கு."
ஸ்லாப் நின்றது.

பிறகு கைபேசியில் ஒரு விளம்பரம்:
ஐந்து தந்தி, ஒரே ஒரு சிராய்ப்பு,
முந்நூற்று எண்பது, குறைக்க மாட்டேன்.
முந்நூற்று ஐம்பதுக்குக் கேட்டேன்.
பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை.
மறுநாள்: சரி. இயூ டீ எம்ஆர்டி, கட்டணக் கதவருகில், இரவு ஒன்பது.

ஸுல்ஹில்மி என்று பெயர்.
முதுகில் கிட்டார், மார்பில் கட்டிய கைக்குழந்தை.
ஆம்ப் கிடையாது, சுற்றிலும் அட்டைகள் தட்டும் பீப் பீப்.
கிட்டாரின் மேல்கொம்பில் தாடையை அழுத்தி
ஐந்தாம் தந்தியை மீட்டினேன்.
பல்லில் ஏறி
காதுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது
என் பேருந்து.
குழந்தை விழித்து என்னையே பார்த்தது.
"வயிற்றுக்குள் இருந்தபோதே இதைக் கேட்டவள்," என்றான்.
பேரம் பேசிய முப்பதை
ஒன்றும் சொல்லாமல் சேர்த்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால்
சிராய்ப்பு இரண்டு.

ஞாயிறுகளில் ஊபி தொழிற்பேட்டை,
மணிக்கு இருபது வெள்ளி அறை.
டிரம்ஸில் பூன் கெங், பகலில் ஏர்கான் பழுதுபார்ப்பவன்.
பாடுவது நாத்தனார் மங்களேஸ்வரி,
மறந்த வரியைத்தான் ஓங்கிப் பாடுவாள்.
புதுத் தந்தியைத் தொட்டதும்
கதவுச் சட்டம் நடுங்கியது.
"வா லாவ்," என்ற கெங்
சிரித்தபடி பெடலை உதைக்க
அவன் காலும் என் விரலும்
முதன்முறையாக ஒரே இடத்தில் விழுந்தன.
நாலே நாலு சுற்று.
பிறகு சத்தம் செத்துவிட்டது.
ஒன்பது வோல்ட் பேட்டரி. உள்ளே அப்படி ஒன்று இருப்பதை
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சமூக மன்ற விழா முடிந்து
கணவர் சொன்னார்:
எல்லாம் நல்லா இருந்துச்சு,
உன்னோடதுதான் கேக்கவே இல்ல.
ரெண்டாம் பாட்டுல நடுவுல நிறுத்தினேனே, அப்போ?
யோசித்தார்.
அப்போ ஃபேன் நின்னுபோச்சுன்னு நெனச்சேன்.

அடுத்த மாதம் என் தடத்துக்கு
மின்சாரப் பேருந்து வருகிறது.
பயிற்சிக்குப் போனேன்.
பொத்தானை அழுத்தினால்
ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான்.
இடுப்பு கொஞ்ச நேரம் காத்திருந்தது.

தெம்பனிஸில் ஃப்ரெட் இல்லாத ஒன்று
நானூற்றைம்பதுக்கு வந்திருக்கிறது.
சும்மா பார்த்தேன்.

இன்றிரவு ஹெட்போனை மாட்டி, விளக்கணைத்து,
ட்யூனரை மேசையிலேயே விட்டுவிட்டு
ஐந்தாம் தந்தியை முறுக்குகிறேன்.
இன்னும் கீழே.
கொஞ்சம் மேலே.
ம்ம்.
இங்கே.
கதவைத் திறக்கலாம்.