அரைப்பேர்

நாவலப்பிட்டியில், பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு மாடி அறை, எட்டு நாற்காலி.
ஏழு பேர் வந்திருந்தார்கள்.
எட்டாவது ஆள் அன்றைய பேரை விட முடியாமல்
மலைக்குப் போய்விட்டாராம்.

முழங்கால் ஸ்கேன் பற்றிய ஆய்வு.
எதை அளப்பது என்று நோயாளிகளையே கேட்போம்
என்று எழுதிக் கொடுத்துத்தான் பணம் வாங்கியிருந்தோம்.
டொக்டர் சந்துனி சிங்களத்தில் கேட்டார்,
நான் தமிழில் கேட்டேன்:
பூச்சியம் என்றால் வலியே இல்லை,
பத்து என்றால் தாங்கவே முடியாது.
உங்களுக்கு எத்தனை?

"ஏறும்போதா, எறங்கும்போதா?" என்றார் யோகமலர்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"ஏறும்போது மூணு.
எறங்கும்போது, கூடை வெறுசா இருந்தா அஞ்சு.
கொழுந்து நனைஞ்சிருந்தா...
பத்துக்கு மேல நம்பர் வச்சிருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். டொக்டர் என்னைப் பார்த்தார்.
நான் சொல்லி முடிப்பதற்குள்
சிரிப்பு பாதி வழியில் இறங்கிக்கொண்டது.

சுவரில் அவர் முழங்காலைப் பெரிதாக்கிக் காட்டினோம்.
இந்த இடத்தில் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது,
ஒன்று தசம் நான்கு மில்லிமீட்டர்.
எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார்.
"கவ்வாத்து வெட்டின மலையாட்டம் இருக்கு.
இத்துனூண்டா?
இதுக்கா நான் அரைப்பேருக்கு வந்தேன்?"

அந்த ஒரு சொல்லை விளக்க
எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது.
தராசில் பதினெட்டுக் கிலோ நின்றால் ஒரு பேர்.
பதினேழே முக்காலில் நின்றாலும் பாதிதான்.
ஏறிய மலையில் பாதி குறைவதில்லை,
அட்டையும் பாதியோடு விடுவதில்லை.

பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற சூசைராஜா
அதுவரை வாயே திறக்கவில்லை.
"மெஷினுக்குள்ள நாப்பது நிமிசம்
அசையாதேன்னீங்க. மூத்திரம் முட்டிக்கிட்டு நின்னுச்சி.
அதையும் எழுதுங்க."
எழுதினேன்.

பிளேன்டீ வந்து ஆறி
பலகையில் கடைசியாக மிஞ்சியவை:
இறக்கம். ஈரக்கூடை.
கக்கூசில் குந்தி, சுவரைப் பிடிக்காமல் எழுவது.
மாதத்துக்கு எத்தனை அரைப்பேர்.
இந்தக் கடைசி வரியைச் சுற்றி டொக்டர் வட்டம் போட்டார்.
கொஞ்சம் யோசித்து
பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார்.
மில்லிமீட்டரை யாரும் கேட்கவில்லை,
அதுவும் இருக்கட்டும் என்று விட்டுவைத்தோம்.

பிறகு சம்மதப் படிவம்.
உங்கள் பெயர் எங்கேயும் வெளிவராது
என்று வாசித்தேன்.
"அப்ப என்ன வரும்?"
இலக்கம்தான் வரும். நீங்கள் பதினேழு.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு
யோகமலர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
"இன்னும் ஒண்ணு கூடியிருந்தா
முழுப்பேரு."

என்ன சொல்கிறார் என்று டொக்டர் கேட்டார்.
சம்மதமாம், என்றேன்.
ஐந்தரை பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது,
கீழே இறங்கப் பதினான்கு படி.