பதினோராம் எண் உலர்த்தி

டுலூத்தில் இன்று மைனஸ் இருபத்தாறு.
ஏரிக்காற்று சலவைக்கடைக் கண்ணாடியை
ஒருமுறை உலுக்கிப் பார்த்துவிட்டுப் போகிறது.
பதினோராம் எண் உலர்த்தி
நேற்றிலிருந்து எதையோ மென்றுகொண்டிருக்கிறதாம்.
ஃபோனில் அப்படித்தான் சொன்னாள் டோலோரெஸ் வுகெலிச்.

பின்தகட்டைக் கழற்றி
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
தோள்வரை கையை விட்டேன்.
பஞ்சு. ஒரு கொக்கி. குழந்தையின் ஒற்றைக் காலுறை.
அப்புறம் காசுகள்,
பதினேழு ஒற்றை சென்ட்கள்.

எழுபத்தொன்றில் அடித்தது ஒன்று.
முக்காலே மூணு வீசம் செம்பு,
மிச்சத்துக்குத் துத்தநாகம்.
எத்தனை வருஷம் சுற்றியதோ,
விளிம்பு உள்பக்கம் சுருண்டு
சின்னச் சட்டியாகிவிட்டது.
சட்டிக்குள் தாடிக்காரர் பத்திரம்.
தலைமுடி தேய்ந்து வழுக்கை.
மூக்கு மட்டும் போகவில்லை.

தொண்ணூற்று நான்கு வேறு சாதி.
உள்ளே முழுக்கத் துத்தநாகம்,
மேலே வெங்காயத்தோல் கனத்தில் செம்பு முலாம்.
ஒரு கீறல் போதும்,
சோப்புத் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.
முகத்தில் கொப்புளம், கன்னத்தில் வெள்ளைப் பொடி,
வருஷத்தில் கடைசி எண்
பிஸ்கட்டைக் கடித்த மாதிரி பாதி இல்லை.
தேய்மானம் இல்லை இது. அரிப்பு.
தேய்வதற்காவது வெளியே யாராவது வேண்டும்.

போர்வைகள் காய்வதற்காகக் காத்திருந்த
ஹால்வார் ஸ்ட்ராண்ட் எட்டிப் பார்த்தார்.
மனிதர் காசு சேர்க்கிறவர்.
கண்ணாடிக்கூட்டுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார்:
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு,
செம்பில் நிக்கல் கலந்தது,
வெளிறிப்போன மஞ்சள்.
"எவ்வளவு புழங்கியிருக்கிறது, ஆனாலும் பார்" என்றார்.
பார்த்தேன்.
இறகு சூடிய அந்தத் தலையில்
இறகு நுனிகளைக் காணோம்.
"தேய்ந்து போச்சே."
"தேயவில்லை. வரவே இல்லை.
அந்த முரட்டு உலோகத்தில் அச்சு இறங்கவில்லை.
அடித்து அடித்து அச்சுதான் உடைந்தது."

பெல்ட்டை மாட்டிக்கொண்டே யோசித்தேன்.
இளகிய செம்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது,
இமை மடிப்பு, கழுத்துப் பட்டியின் முடிச்சு,
பிறகு கைமாறும் ஒவ்வொரு விரலுக்கும்
கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுத்துவிடுகிறது.
அந்த முரடு பாதிதான் வாங்கியது.
வாங்கியதை விடவில்லை.
எது தேவலை என்று ஹால்வாரிடம் கேட்டிருக்கலாம்.
அவருடைய போர்வைகள் காய்ந்துவிட்டன.

பதினேழில் இரண்டு, எண்பத்திரண்டு.
நான் பிறந்த வருஷம்.
அந்த வருஷ நடுவில்தான் உலோகத்தை மாற்றினார்கள்.
ஒரே முகம், ஒரே எண்.
டோலோரெஸின் தபால் தராசில்
ஒன்று மூன்று கிராமுக்குச் சற்று மேல்,
மற்றது இரண்டரை.
மடிப்பு மேசையில் போட்டேன்.
ஒன்று பாடியது.
இன்னொன்று 'டக்' என்றது, கதவு சாத்தின மாதிரி.

நான் செப்டம்பர்.
பன்னிரண்டு வருஷம் கூட இருந்தவன்
என்னையும் ஒருமுறை கீழே போட்டுப் பார்த்தான்.
என்ன சத்தம் கேட்டதென்று
சொல்லாமலே போய்விட்டான்.

இயந்திரத்தில் கிடைப்பது கடைக்காரிக்கு, அதுதான் வழக்கம்.
சோப்புத்தூள் மூடியில் எண்ணி வாங்கினாள்.
தொண்ணூற்று நான்கை மட்டும் நகத்தால் தள்ளினாள்:
"செல்லாக்காசு. நீயே வைத்துக்கொள்."

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
நெஞ்சுக்கு நேரே ஊசித்துவாரம்.
கண்ணில் வைத்தால்
ஹால்வார் தெரிந்தார், தனியாக,
ஒரு பெரிய போர்வையின் இரண்டு முனைகளையும்
ஒன்றாகச் சேர்க்கப் பாடுபட்டுக்கொண்டு.

பதினொன்றை ஓடவிட்டேன். சத்தமில்லை.
பில் எழுதினேன்:
அந்நியப் பொருள் அகற்றியது, பதினேழு சென்ட்.
கூலி, எழுபது டாலர்.
பிறகு போய்ப் போர்வையின் மறுமுனையைப் பிடித்தேன்.