ஐந்தாவது இடத்தில் ஆள் இல்லை

வெள்ளி மாலை தொடங்கியது பெர்க்தோராவுக்குப் பல்வலி.
கிளாக்ஸ்விக்கில் பல் டாக்டர்
திங்கள்தான் கதவு திறப்பார்.
என் மேசை இழுப்பறையில் போன வருடத்து அட்டைகள்,
முதுகு பிடித்துக்கொண்டபோது தந்தது.
கோடீனும் பாரசிட்டமாலும் ஒரே வெள்ளைக்குள்.
எனக்கு இரண்டு போதும்,
கட்டறுந்த படகாய்த் தூக்கத்தில் போய்விடுவேன்.

போட்டுக்கொண்டாள். இரண்டு. பிறகு இரண்டு.
"ஒண்ணுமே கேக்கலை ஹானுஸ்,
சுண்ணாம்பைத் தின்ன மாதிரி இருக்கு."
சிரித்தேன்.
முள் குத்தினால் ஈட்டி என்பவள் என் தங்கை.
கொஞ்சம் பொறுத்துக்கோ என்றும் சொன்னேன்.
அந்தக் கொஞ்சத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

சாக நினைத்தவள் இல்லை.
திங்கள் மீன் ஆலையில் முதல் ஷிஃப்ட்;
அதற்குள் தாடையை அடக்க நினைத்தவள்.
திங்கள் விடிந்தபோது
பல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

பனிமூட்டம், ஹெலிகாப்டர் எழும்பாது.
ஆம்புலன்ஸ் கடலுக்கு அடியில் போனது.
சுரங்கத்துக்குள் நீலமும் பச்சையுமாய் ஒளிரும் அந்த ரவுண்டானாவில்
வாந்தி எடுத்தாள். என் தொப்பியில் பிடித்தேன்.

"எத்தனை நாளா இந்த மாத்திரைப் பழக்கம்?"
டோர்ஷாவ்னில் முதல் கேள்வி.
பிறகு சொட்டு மருந்து,
கூமுட்டை வாடை அதற்கு.
பிறகு ரத்தம் எடுத்தார்கள், மூன்று வாரத்தில் ஒரு கடிதம்.

நொதி என்றாள் டாக்டர் சுன்வா.
எனக்கு ஆலை பாஷைதான் வரும்:
கோடீன் முழு மீன்.
கல்லீரலில் ஒருத்தன் நின்று அறுத்தால்தான்
உள்ளிருக்கும் மார்ஃபின் வெளியே வரும்.
இவள் வரிசையில் ஐந்தாவது இடத்தில்
ஆள் இல்லை.
பிறந்ததிலிருந்தே இல்லை.
மீன் முழுசாக வந்தது, முழுசாகப் போனது.
கூட வந்த பாரசிட்டமால் மட்டும்
பெட்டி பெட்டியாய்க் குவிந்தது.
பெல்ட் நிற்கவில்லை.

அம்மாவிடம் ஒரு காலி இடம்.
அப்பாவிடம் ஒரு காலி இடம்.
மற்றொன்று வேலை பார்த்ததால் இருவருக்கும் தெரியவே இல்லை.
அவளுக்கு இரண்டுமே காலியாக வந்தது.
எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்,
நான் ஒன்றும் பொறுமைசாலி இல்லை.

கல்லீரல் திரும்பி வந்தது. பல் போயிற்று.
அவள் பர்ஸில் ஒரு சீட்டு இருக்கிறது, கோடீன் வேண்டாம் என்று.
மறுபடி என் பக்கத்தில் நின்று காட் மீன் அறுக்கிறாள்.

நேற்று கத்தி நழுவி விரலில் பட்டது.
"ஆ" என்றாள், அவ்வளவு சத்தமாகக்கூட இல்லை.
சிவப்புப் பொத்தானை அடித்தேன்.
வரிசை முழுக்க நின்றது.
மேஸ்திரி இன்னும் கத்திக்கொண்டிருக்கிறான்.