இரட்டைப் பாரம்

பீடோர் கடைத்தெருவில் தவுக்கே லியோங்
மூன்று கயிறுகளை மேசையில் போட்டார்.
நைலான் மலிவு. இழுத்தால் நீளும்,
அறுந்தால் திரும்பி வந்து அடிக்கும்;
ராயப்பனுக்கு இரண்டு பல் அப்படித்தான் போச்சு.
மணிலா மழையில் கனக்கும்.
பாலியெஸ்டர் மீட்டர் எட்டு ரிங்கிட். நீளாது.

மரமோ பள்ளிக்கூடத் தகரத்தின்மேல் சாய்ந்து நிற்கிறது.
எதிர்ப்பக்கம் வாய்க்கால், லோரி போகாது;
கப்பியில் வளைத்துத்தான் இழுக்கணும்.

"சாயுற மரத்தை விடு.
கப்பி கட்டுற மரத்துக்குத்தான் இரட்டைப் பாரம்"
என்றார், சில்லறையை எண்ணிக்கொண்டே.

வாய்க்காலோரம் ஒரு கிழட்டுக் கித்தா.
தோளால் முட்டினேன்; அசையவில்லை.
பட்டை நோகாதிருக்க அரிசிச் சாக்கை மடித்து
அடிமரத்தில் சுற்றும்போது
மறுபக்கம் கண்டேன்:
சிவப்புச் சாயத்தில் குறுக்குக் கோடு,
நாளைய தேதி.

சாக்கை
இன்னும் ஒரு சுற்று சுற்றினேன்.