நாற்பதைத் தாண்டாதே

ரீபோர் செய்த சிலிண்டர்
கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தது,
யாரோ தோற்றுப்போன குதிரைப் பந்தயப் பக்கத்தில் சுற்றி.
உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன்.
குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள்,
பூனை நாக்கு மாதிரி.
வழவழப்பாக இருந்தால் ஆகாதாம்.
கீறல்தான் எண்ணெயைப் பிடித்து வைக்கும்.

பிப்ரவரி முழுக்கச் சமையல் மேசையில் கிடந்தது என் பி.எஸ்.ஏ.
பிஸ்டனை நகர்த்திவிட்டுத்தான் ரொட்டி வெட்டினேன்.
மார்ச் மாதம் ஒரு மழை விட்ட மதியம்
பதினோராவது உதைக்குப் பேசியது.

கையேட்டில் ஒரே ஒரு மிரட்டல்:
முதல் ஐந்நூறு மைலுக்கு நாற்பதைத் தாண்டாதே.
அதன் கீழே பென்சிலில்
முந்தைய சொந்தக்காரன்: 'முப்பத்தைந்து'.
பட்டவன் போலிருக்கிறது.

பார்ரா தீவில் சாலை என்று சொன்னால் ஒன்றுதான்.
வட்டம். பன்னிரண்டு மைல்.
எந்தப் பக்கம் கிளம்பினாலும்
என் வீட்டுக் குப்பைத் தொட்டிக்கே வந்து சேரும்.
நாற்பத்திரண்டு சுற்று, கணக்குப் போட்டேன்.

முதல் சுற்றில்
எதிரே வந்தவர்கள் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்கினார்கள்.
ஆறாவது சுற்றில் விரல் எழவில்லை.
ஒன்பதாவதில், "எதைத் தொலைத்தாய், மைரெட்?" என்றார்
வேலிக்கம்பி முறுக்கிக்கொண்டிருந்த நீல்.
பாதிரியார் காதல் தோல்வி என்று முடிவு கட்டி
ஞாயிறு ஜெபத்தில் என்னைச் சேர்த்துவிட்டார்.

ஒரே வேகத்தில் போகவும் கூடாது.
கொஞ்சம் கொடுத்து, கொஞ்சம் விட்டு,
மேட்டில் முக்கவிடாமல் கியர் இறக்கி,
இறக்கத்தில் த்ராட்டிலை மூடி
உள்ளே எண்ணெய் ஏற நேரம் தந்து.
ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று தேய்த்துத்தான்
ஒன்றுக்கொன்று வடிவம் ஆகின்றன.
என் பின்னால் பார்சல் வேனில் ரூரி,
ஒதுங்குமிடம் வரும்வரை பல்லைக் கடித்தபடி.

ஐம்பதாவது மைலில் எண்ணெயை வடித்தேன்
காலி மார்கரின் டப்பாவில்.
காந்தத்தை விட்டு எடுத்தால்
அதற்குச் சாம்பல் நிற மீசை.

இருநூற்றுப் பன்னிரண்டாவது மைலில்
நர்ஸ் ஓய்ரிக் நடுச்சாலையில் நின்றாள்,
கார் பானெட் திறந்து, கையில் குளிர்பெட்டி.
இங்கே விமானம் கடற்கரை மணலில்தான் இறங்கும்;
கடல் திரும்பி வருவதற்குள் ஏறிவிட வேண்டும்.
பெட்டி எங்கள் நடுவில்.
"வேகமாய்ப் போயேன்!"
"முடியாது. ரிங் இன்னும் உட்காரவில்லை."
"யாருடைய ரிங்?"

பெட்டிக்குள் யாருடைய ரத்தம் என்று அவள் சொல்லவில்லை.
சொல்லவும் கூடாது.
ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள தீவு.
யாராக இருந்தாலும்
எனக்கு ஒரு முறையாவது விரல் தூக்கியவர்தான்.

திறந்தேன்.

நாற்பத்தைந்தில் ஒரு முனகல். ஐம்பதில் அதுவும் இல்லை.
ஐம்பத்தெட்டில் இஞ்சின் எழுப்பிய குரல்
நான் பூட்டிய எந்தப் பாகத்தினுடையதும் அல்ல.
கிளட்ச்சின் மேல் இரண்டு விரல் வைத்திருந்தேன்,
இறுகினால் பிடிக்க.
சோளக்கருதுபோல் முழுசாய் என் உடம்பு
கால்களுக்கிடையில் கேட்டுக்கொண்டிருந்தது.

விமானத்தின் விசிறி சுற்றத் தொடங்கியிருந்தது.
ஓய்ரிக் ஈர மணலில் ஓடினாள், காலணிகளோடு.

ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றினேன்.
பால் விட்ட காபி நிறம்.
என்னால் நம்ப முடியவில்லை; துடைத்துவிட்டு
மறுபடி பார்க்க முட்டாள்தனமாய் ஆசைப்பட்டேன்.
நோட்டில் எழுதினேன்:
212. ஐம்பத்தெட்டு தொட்டது. காரணம் ஓய்ரிக்.
அடுத்த வரியில் மறுபடி நாற்பது.

ஐந்நூறு,
ஒன்றுமில்லாத ஓரிடத்தில் புரண்டது.
இடப்பக்கம் ஒரு செம்மறி. வலப்பக்கம்
யாரோ பாதி கட்டிவிட்டுப் போன சுவர்.
இனி எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம்.
பின்னால் ரூரியின் வேன் வந்தது.
கை பழக்கத்தில் ஒதுங்குமிடத்துக்குள் திருப்பிவிட்டது.
அவனும் பழக்கத்தில்
எனக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுவிட்டான்.
செம்மறி எங்கள் இருவரையும் பார்த்தது.
யாரும் கிளம்பவில்லை, கொஞ்ச நேரம்.