அறுபது குப்பிகள்

குவாவியாரே ஆற்றில் நீர் வற்றி
படகு நின்ற மூன்றாம் நாள்
நடந்தே வந்தான் எவேலியோ.
முழங்கைக்குக் கீழே
வாழைநார் சுற்றிய துணி.
அவிழ்த்தால் வட்டமாய் ஒரு பள்ளம்,
சுற்றிலும் வரப்புப் போலத் தடித்த கரை.
வலித்ததா?
வலித்திருந்தால் நான்கு மாதம் சுமப்பேனா என்றான்.
வெடிமருந்து தூவிப் பார்த்தான்,
பேட்டரி அமிலம்,
பழுக்கக் காய்ச்சிய கரண்டி.

இஸ்மேனியா ஒன்றும் சொல்லவில்லை.
நடுவில் கிடப்பது பிணம்,
உயிர் இருப்பது விளிம்பில்.
விளிம்பைக் கீறிக் கண்ணாடியில் இழுத்தாள்,
சாயம் ஊற்றிக் காத்திருந்தாள்.
வில்லைக்கடியில், வீங்கிய அணுவுக்குள்,
ஆளுக்கொரு புள்ளி, பக்கத்தில் ஒரு குறுங்கோடு.
மெய்யில் எழுதிய மெய்யெழுத்துகள்.

தராசில் ஏற்றினாள்: அறுபத்தொன்று.
கிலோவுக்கு இருபது மில்லிகிராம் ஆன்டிமனி,
நாளுக்கு மூன்று குப்பி, இருபது நாள்.
அறுபது
என்று பேரேட்டில் எழுதிவிட்டுக்
கழுத்துச் சாவியால் அலமாரியைத் திறந்தாள்.
போர் நடந்தபோது
தோட்டாவைப் போல எண்ணப்பட்ட மருந்து.
போர் முடிந்ததாகச் சொல்கிறார்கள்.
எண்ணுவது முடியவில்லை.

இடது பிட்டம், வலது பிட்டம்,
இடது, வலது.
ஆறாம் நாள் வாயில் காசை நக்கிய ருசி.
ஒன்பதாம் நாள் மூட்டுகள்
அவனுக்கு முன்பே கிழவனாகிவிட்டன,
சூப்புக் கிண்ணத்தைத் தூக்க இரு கை வேண்டும்.
பன்னிரண்டாம் நாள் காலை
ஈசிஜி தாளில்
ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குக்
கோடு வழிதெரியாமல் நீண்டது.
ரேடியோவில் டாக்டர்:
ஐம்பத்துமூன்று வயது இதயம். நிறுத்து.

மீந்தது இருபத்தேழு.
அதையும் எண்ணி, பூட்டி, கையெழுத்து வாங்கினாள்.

பென்டமிடின் இருக்கிறது,
ஆனால் இவன் சிறுநீரை எறும்பு மொய்க்கிறது.
மில்டிஃபோசின் இருக்கிறது:
எண்பத்துநான்கு மாத்திரை, இருபத்தெட்டு நாள்,
சோற்றோடு விழுங்கு, குமட்டும், விடாதே.
ஓஃபிருக்கு மறுத்த அதே மாத்திரை;
அவள் வயிற்றில் ஐந்து மாதம்.
கன்னத்துப் புண்ணுக்கு ஊசியும் கிடையாது அவளுக்கு,
ஐம்பது டிகிரிச் சூடு மட்டும்,
முப்பது விநாடி முப்பது விநாடியாக.

எவேலியோ சிரித்தான்.
என் கரண்டியும் அதைத்தானே செய்தது?
உன் கரண்டிக்கு ஐம்பது வரை எண்ணத் தெரியாது.

அவள் குனிந்தபோது முடி விலகியது.
காதுக்குக் கீழே
காகிதம் போல மெலிந்த, பளபளத்த தோல்,
சட்டைப் பொத்தான் அகலம்.
அந்த நாட்களில் சாவடியில் இறக்கி
இதைத்தான் தேடுவார்கள்:
காட்டில் உறங்கியவளா,
யாருக்காக உறங்கினாய்?

அவன் அதைக் கேட்கவில்லை.
உனக்கு எத்தனை? என்றான்.

பேனா நின்றது.
நாற்பத்தொன்று.
தார்ப்பாய்க்கு அடியில், டார்ச் வெளிச்சத்தில்.
மிச்சத்தை இன்னொருத்திக்குக் கொடுத்தோம்.
அவள் பெயரைச் சொல்லவில்லை.
அவனும் தன் இடுப்புப் பக்கம் ஒருமுறை தடவிக்கொண்டு
மாத்திரைப் பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகினான்.

ஆறு ஏறியது. படகுகள் வந்தன.
பேரேட்டில் அவன் பெயருக்கு நேரே
தொண்ணூறாம் நாள் என்றொரு கட்டம்:
ஆறியது, ஆறவில்லை, வரவில்லை.
நூற்றுநான்காம் நாள்
யாரோ படித்துறையில் இறக்கிப் போனார்கள்
ஒரு வாழைத்தார்,
அதன் காம்பில்
நன்றாகத் துவைத்த துணி ஒன்று,
நாரால் கட்டி.

முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை.
பேனாவை எடுத்தாள்.
வாழைத்தார் வந்தது என்று எழுத
அதில் கட்டமே இல்லை.